கால் சுற்று

விதிப்புத்தகம், ஏழாம் பக்கம்:
வழிகாட்டி பேசலாம், கேட்கலாம்,
பலகையில் வரைந்துகூடக் காட்டலாம்.
ரோபோவைத் தொடக் கூடாது.

எனக்கு அது வராத வித்தை.
பைசாண்டூ இறைச்சி ஆலையின் குளிர்கிடங்கில்
இயந்திரங்களின் முனகலைக் காதால் கேட்டுக்
கையால் தீர்ப்பவள் நான்.
மார்ச் முதல் ஆகஸ்ட் வரை
செவ்வாயும் வியாழனும் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில்
கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.

பேசுமுன் மூக்கைச் சுருக்கும் ஆயெலென்.
திருகு கீழே விழுந்தால் தேடாமல்
இன்னொன்றை எடுக்கும் நவேல்.
ஒருத்தி எழுதிய நிரலை மற்றவள் அழித்து
ஆளுக்கொரு தெருவாக
ஒரே வீட்டுக்குப் போகும் ஒலிவேரா இரட்டையர்.

ரோபோவுக்கு ஆட்காட்டி என்று பெயர் வைத்தார்கள்.
சுவரோ ஆளோ எதிரே வந்தால்
புல்வெளிப் பறவைபோல அலறும்.
மஞ்சள் பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் சேர்ப்பது
அதன் பிழைப்பு.
நேராகப் போ என்றால்
இடப்பக்கம் நாலு விரற்கடை ஒதுங்கும்.
ஏனென்று ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும்:
இடது சக்கரத்தின் அச்சுத் திருகு.
"நேராப் போகுதா?" என்றேன்.
கேட்க அனுமதி உண்டு.
"போகுதே" என்றான் நவேல்,
தலையைச் சாய்த்துப் பார்த்து.
மே மாதமும் கேட்டேன். ஜூலையில் இருமுறை.

போட்டிக்கு முந்தின இரவு, துராஸ்னோ நகரில்,
விளையாட்டரங்கின் தரை முழுக்க உறக்கப்பைகள்.
வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது.
வேறு பள்ளியின் வழிகாட்டி ஒருவர்
என்னோடு மாத்தே குடித்துவிட்டு
வெந்நீர்க் குடுவையை அணைத்தபடி தூங்கப் போனார்.
மேசைமேல் ஆட்காட்டி, துண்டு போர்த்தி.
என் சட்டைப்பையில் அறுகோணச் சாவி,
சிலர் கழுத்தில் சிலுவை கிடப்பதுபோல
எப்போதும் கிடக்கும்.

கால் சுற்று.
ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட ஆகவில்லை.
ஐந்து மாத அரிப்பைச் சொறிந்த சுகம்.
நன்றாகத் தூங்கினேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

காலிறுதி. எதிரே சால்தோ அணி.
விசில் ஊதியதும் பாய்ந்த ஆட்காட்டி
இரண்டு முழம் போய்
வலப்பக்கம் வளைந்து
ஓரப்பலகையில் மூக்கை வைத்துக்கொண்டு
அலறத் தொடங்கியது.
இரண்டரை நிமிடம்.
நடுவில் எடுக்க யாருக்கும் உரிமையில்லை.
சால்தோவின் கூடையில் பந்துகள் விழுந்தன,
டொக், டொக்,
எண்ணாமலே எண்ணிக்கொண்டேன், பதினேழு.

ஆயெலென் மடிக்கணினியைத் திருப்பினாள்.
வலது மோட்டாருக்கு நூற்றுக்கு ஆறு குறைத்திருந்தார்கள்.
நேற்று மாலைதான்,
நான் பதிவுப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது.
ஓடவிட்டும் பார்த்திருக்கிறார்கள், ஒன்பது தடவை.
வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு:
இது இடப்பக்கம் சாயும். திட்டாதீங்க.
நேராப் போகுதான்னு நெலிதா கேட்டுக்கிட்டே இருக்காங்க.
இனிமே போகும்.

அவள் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தாள்.
ஆடவில்லை.
"யாரோ முடுக்கியிருக்காங்க."
"சால்தோக்காரங்கதான்!"
முதன்முறையாக இரட்டையர் இருவரும்
ஒரே சொல்லைச் சொன்னார்கள்,
நடுவர் மேசையை நோக்கி நடந்தார்கள்.

குறுக்கே போனேன்.
மின்கலத்தைக் கழற்ற மறந்திருந்தார்கள்.
மேசையை நெருங்கியதும்
ஆட்காட்டி என்னைப் பார்த்து அலறியது.
அதன்முன் சாவியை எடுத்து வைத்தேன்.
ஆயெலென் மூக்கைச் சுருக்கினாள்.
பிறகு பேசவில்லை.
பேருந்திலும் யாரும் பேசவில்லை.
ஜன்னலுக்கு வெளியே மாடுகள் மட்டும்
மைல்கணக்கில்.

செவ்வாய்க்கிழமை
போகலாமா வேண்டாமா என்று போனேன்.
ஆய்வுக்கூடத்து ஆணியில் என் சாவி தொங்கியது.
கீழே நூலில் கட்டிய புது நோட்டு:
எடுப்பவர் எழுதிவிட்டு எடுக்கவும்.
முதல் வரி, நவேலின் கோழிக்கிறுக்கல்:
எடுத்தவர் நெலிதா. எடுத்த நேரம் ராத்திரி.
எவ்வளவு முடுக்கினார் என்ற கட்டத்தில்
கேள்விக்குறி.

கால், என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டு
கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
நவேல் ஒரு திருகைக் கீழே போட்டான்.