மூட்டைக்கு இரண்டு கிலோ

நூற்றுப் பதினெட்டு வரி,
அத்தனையும் மெயினுக்குள்.
எடை வாங்குவதும் அதுதான், ஈரம் பார்ப்பதும்,
சாக்கைக் கழிப்பதும்,
விலை போடுவதும், ரசீது அடிப்பதும்.
குறுவை அறுப்பு நேரத்தில்
கொள்முதல் நிலையத்தில் ஒற்றை ஆளாய் நிற்பவனைப் போல்
திணறியது.

வடபாதிமங்கலத்தில் அப்பா போட்ட
அறுபத்து மூன்று மூட்டையின் கணக்கு.
நான் எதிர்பார்த்த தொகை அவர் பாஸ்புக்கில் இருந்தது.
திரையில் வந்தது வேறு.
பிளஸை மைனஸாக்கினேன்,
லூப்பை ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்,
ராத்திரி பன்னிரண்டரைக்கு மூடிவைத்தேன்.

காலையில் லேபில்
கூத்தாநல்லூர் ரஹ்மத் நிஷா எட்டிப் பார்த்தாள்.
"இதுல எங்கடி தேடுறது? பிரிச்சு எழுது."

பிரித்தேன்.
ஈரத்துக்கு ஒரு மெத்தட்.
எண்ணைக் கொடுத்தால் ஆம், இல்லை, அவ்வளவுதான்.
யார் வயல் நெல் என்று கேட்காது.
நிகர எடை, சாக்கைக் கழித்துத் திருப்பித் தரும்,
விலைவாசி அதற்குத் தெரியாது.
விலை போடுவது தராசைத் தொடாது.
ரசீது அடிப்பது வாய்டு,
அடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும்.
பெயரெல்லாம் தமிழிலேயே வைத்தேன்.
ஜாவா முறைக்கவில்லை.

மெயின் இப்போது ஒன்பது வரி.
ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறது,
அவரவர் வேலையை வாங்கிக்கொள்கிறது.

தனித்தனியாக ஓட்டிப் பார்த்தோம்.
நாற்பது கிலோ ஐந்நூற்று எண்பது கிராம் கொடுத்தால்
நாற்பது. சரி.
ஈரம் பதினாறு. ஆம். சரி.
விலையும் சரி.
தொகை மட்டும்
பாஸ்புக்கோடு ஒட்டவே இல்லை.

நிஷா வித்தியாசத்தை எடுத்து
மூட்டைக்கு வகுத்தாள்.
இரண்டு கிலோ.
மீதியே இல்லாமல்
இரண்டு கிலோ.

அப்பாவுக்குப் போன் போட்டேன்.
தார்ப்பாயில் மழை விழும் சத்தத்துக்கு நடுவே,
"அதுவா? எப்பவும் எடுக்கறதுதான்.
அது கணக்குல வராதும்மா.
இன்னும் இருபது மூட்டை கிடக்கு, வைக்கிறேன்."

நாலு மெத்தடிலும் தேடினேன்.
எதிலும் அதற்கு இடமில்லை.
ஒரே மெயினாய் இருந்தவரை
என் பிழைதான் என்று
தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அஞ்சாவதா ஒண்ணு போடு, பொருந்திரும்," என்றாள்.
எடையை வாங்கும், இரண்டைக் கழிக்கும்.
ஒரே வரி, கஷ்டமில்லை.
அடைப்புக்குறி திறந்தாயிற்று, மூடியாயிற்று.
நாலரை மணி மன்னார்குடி பஸ் போய்விட்டது.
அடைப்புக்குறிக்கு முன்னால்
கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது,
பெயரில்லாமல் கம்பைல் ஆகாது.