நாற்காலிக் கணக்கு

ஹால்வார் டெஸ்டால் கடைக்கு இரண்டு வாசல்.
முன்னால் கட்டில், தொட்டில், சாப்பாட்டு மேசை.
பின்னால் சவப்பெட்டி.
நடுவே தொங்கிய பச்சைத் திரைக்கு இப்பக்கம் உட்கார்ந்து
பதினோரு வருஷம் கணக்கெழுதினேன்.

வடக்கு டகோட்டாவில்
வாரம் மூன்றுமுறை ரயில் நிற்கும் ஊர்.
கோதுமை விளைந்தால் மேசை விற்கும்.
"விளையாவிட்டால் பெட்டி விற்கும், அவனுக்கென்ன"
என்பார்கள், அவர் காதுபட.
பெட்டி போனது உண்மை.
காசு வந்த கதை பேரேட்டில் இருக்கிறது:

லுண்ட்பியின் தாய்: உருளைக்கிழங்கு ஆறு மூட்டை, பாதி அழுகல்.
ஆஸ்கர் க்விஸ்ட்: ஒரு கன்று, அதுவும் வாக்குறுதியாக.
ஸ்கார் வீட்டு இரட்டைப் பிள்ளைகள்: பெட்டி ஒன்று.
தொகை எழுதுமிடத்தில் ஒரு கோடு.
அந்தக் கோட்டை நான் போடவில்லை.

கைகுலுக்கும்போதே ஆளை அளந்துவிடுவார் என்று பேச்சு.
ஒருநாள் கேட்டேவிட்டேன்.
"ஐந்தடி ஏழு" என்றார் நிமிராமல்,
"தோள்தான் கொஞ்சம் செலவு வைக்கும்."

குளிர்காலத்தில் மண் இரும்பு.
ஜனவரியில் செத்தவர்கள் ஏப்ரல் வரை
கொட்டகையில் கிடப்பார்கள்.
படுக்கப் போகுமுன் லாந்தரோடு போவார்,
பூட்டை இழுத்துப் பார்ப்பார்,
"இன்னும் நாலடி உறைஞ்சிருக்கு" என்று
உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டு வருவார்.

நாற்பது மடக்கு நாற்காலி வைத்திருந்தார்.
துக்கத்துக்கு இலவசம், கல்யாணத்துக்கு ஐந்து சென்ட்.
சீட்டாட்டமோ, தேவாலய விருந்தோ,
ஊரில் எவர் சாய்ந்தாலும்
முதுகுக்குப் பின்னால் அவர் பெயர்.

இருபத்துநாலில் வங்கி மூடியது.
மேலாளர் எய்னார் ப்ரெக்கே
பாலத்துப் பக்கம் நடந்துபோனார். திரும்பவில்லை.
ஊர்ப்பணம் அவரோடு போயிற்று;
டெஸ்டாலின் நாலாயிரத்து இருநூறும் அதில்.
தூக்க ஆள் வரவில்லை.
ஓக் பெட்டியை எடுத்தார்,
பித்தளைக் கைப்பிடி போட்டது,
தனக்கென்று ஒதுக்கியிருந்ததாம்; ராக்ன்ஹில்ட் சொன்னாள்.
நாற்பது நாற்காலியையும் விரித்தார்.
விதவை, பாதிரியார், நான்.
அவர் வழக்கம்போல நின்றார்.

அதற்குப் பிறகு முன்வாசல் மணி அடிக்கவில்லை.
தொட்டிலுக்குப் பக்கத்து ஊர் போனார்கள்.
பின்வாசலுக்கு வந்தார்கள், வேறு போக்கிடமில்லை.
பணத்தைக் கையில் தராமல்
மேசையில் எண்ணி வைத்தார்கள்.
ஒருவரும் கைகுலுக்கவில்லை.
கடன் சொல்லக் கூசினார்கள்;
பதினோரு வருஷத்தில் முதல்முறையாக
என் கணக்கு நேரானது.

ஜனவரியில் அவரே போனார். பைன் பெட்டி.
நாற்காலிகளில் முப்பத்தேழுதான் இருந்தன.
மீதி மூன்றும் யார் வீட்டில் என்று தெரியும்.
போய்க் கேட்கவில்லை.

அன்றிரவு லாந்தரை ஏற்றிக்கொண்டு போனேன்.
பூட்டை இழுத்துப் பார்த்தேன்.
ஏதாவது சொல்ல வேண்டுமே,
"நாலரை அடி" என்றேன்.

விளக்கெண்ணெய் ஏழு சென்ட்.
எந்தப் பக்கம் எழுதுவது?