ஏழாம் இலக்கம்

லாபீர் ஹாட்வெயார் மொட்டை மாடியில்
தண்ணித் தாங்கியோடு
கட்டுக்கம்பியால் கட்டியிருக்கிறேன் கமெராவை.
கீழே மக்கெய்சர் மைதானம்.
பதினெட்டுப் புள்ளிமான்கள்.
கோட்டைப் பக்கம் திருப்பக் கூடாதென்று
அனுமதிக் கடிதத்தில் இருக்கிறது.
மான்களுக்குக் கடிதம் வரவில்லை,
போய் வருகின்றன.

இரவில், உவர்மலை வாடகை அறையில்,
ஒவ்வொன்றுக்கும் மடிக்கணினி
ஒரு நிறமும் இலக்கமும் கொடுக்கும்.
உடம்பெல்லாம் புள்ளியாய்ப் பிறந்ததற்கு
மேலும் ஆறு புள்ளி வைக்கிறேன் நான்:
மூக்கு, காது, காது, தோள், இடுப்பு, வால்.
இரண்டு மான் உரசிக் கடந்தால்
நான்கு ஒன்பதாகிவிடும், ஒன்பது நான்காகும்.
கையால் பிரித்தெடுப்பதற்குள் விடிந்துவிடும்.

மூன்று கிழமை கழித்து வரைபடம் சொன்னது:
கூட்டத்தைத் திருப்புவது கொம்புள்ளது எதுவும் இல்லை.
ஏழு.
இடப் பின்னங்கால் நொண்டும் பிணை.
மாலை ஐந்து நாற்பதுக்கு அவள் தலை நிமிரும்,
பன்னிரண்டு சட்டகம் தள்ளிப் பதினொன்று,
பிறகு மூன்று, ஐந்து, குட்டியோடு பதினாறு;
மூன்று செக்கனுக்குள் எல்லா மூக்கும்
தபால் கந்தோர்ப் பக்கம்.
பேராசிரியருக்கு எழுதினேன்:
தலைவி கிடைத்துவிட்டாள்.

"பாண்காரன் அக்கா" என்றான் அனுஷியன்,
பற்றரி மாற்ற ஏறி வந்தவன்.
ஒலிவாங்கி பூட்டாத கமெரா என்னுடையது.
யோகச்சந்திரனின் சூன் பாண் ஓட்டோ,
அதே தேய்ந்த மெட்டு,
வளைவில் நிறுத்தி அவர் வீசும் காய்ந்த துண்டுகள்,
எல்லாம் என் சட்டகத்துக்கு ஒரு முழம் வெளியே,
மூன்று கிழமையும்.

அந்த மெட்டுக்கு எங்கள் ஒழுங்கையில்
ஆறு கேற் திறக்கும்.
எது முதலில் என்று பார்த்ததில்லை.
சில்லறையை எண்ணிக்கொண்டு
நானும் இறங்கியிருப்பேன்.

தலைவியை அழித்தேன்.

செவ்வாய், யோகச்சந்திரனுக்கு மூதூரில் செத்தவீடு.
ஓட்டோ இல்லை.
இப்போது ஒலியும் பதிவாகிறது:
காகம், பஸ் ஹோர்ன்,
யாரோ ஷட்டரைப் பாதியில் நிறுத்தும் சத்தம்.
ஐந்து நாற்பது.
ஏழு நிமிர்ந்து
வெறும் வீதியைப் பார்த்தாள்.
பதினொன்று வீதியைப் பார்க்கவில்லை,
மூன்றும் பார்க்கவில்லை.
அவளைப் பார்த்தன.

மாடியிலேயே மடிக்கணினியைத் திறந்து
சட்டகம் சட்டகமாகப் பின்னே போகிறேன்.
தோள், காது, மற்றக் காது.
காது திரும்ப முந்திய சட்டகத்தில்
புல்லும் ஒரு சொப்பிங் பையும்.
அதற்கு முந்தியதிலும் அதே பை,
கொஞ்சம் ஊதியபடி.

கீழே இருந்து லாபீர் நானா கூப்பிடுகிறார்,
கடை பூட்டவேணுமாம்.