விறகுக் கணக்கு

ஐப்பசி பதினொன்று. நனைந்த சவுக்கு.
பதினெட்டுக் கிலோ என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.
இருநூற்று நாற்பது இட்லிக்கு
பதினெட்டுக் கிலோ.

மூன்று கல்லுக்கு நடுவே எரிந்தது நெருப்பு,
எல்லாப் பக்கமும் வாசல் வைத்த வீடு மாதிரி.
கால்பங்குச் சூடு கொப்பரையைத் தொட்டது.
மீதி, என் முழங்காலை, கூரை வாரையை,
அந்தப் பக்கம் படுத்திருந்த நாயை,
பூந்தோட்டம் ஸ்டேஷனுக்குப் போகிறவர்களை எல்லாம்
நலம் விசாரித்துவிட்டு
மழைக்குள் போனது.

அடியக்கமங்கலத்திலிருந்து நசுருதீன் வந்தார்,
கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டிங் வைக்கிறவர்.
டேப்பை விரித்து அவர் அளந்தது அடுப்பை அல்ல,
கொப்பரையின் இடுப்பை.
"பாத்திரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல
ஒரு விரல் சந்து போதும்க்கா.
அதுக்கு மேல விட்டீங்கன்னா
சூட்டுக்கு நம்ம ஞாபகமே வராது."

செங்கல், வண்டல் மண், உமிச்சாம்பல்.
உள்ளே முழங்கை மடக்கின மாதிரி ஒரு பாதை,
கட்டைக்கு அடியில் காற்று நுழைய
கம்பி பற்றவைத்த ஒரு தட்டு.
புகைபோக்கிக்குக் குழாய் தேடி இரண்டு நாள் அலைச்சல்.
கடைசியில் கிடைத்தது
கழித்துப்போட்ட அறுப்பு மெஷினின் சைலன்சர் குழாய்.
வயல் வயலாய் உறுமித் திரிந்தது
என் கூரையில் வாய் பொத்தி நின்றது.

முதல் நாள்: பதினேழரை.
அரைக் கிலோவுக்காகவா நாலாயிரத்து இருநூறு ரூபாய்?
போனில் கத்தினேன்.
"ஒரே நேரத்துல எத்தன கட்டை வச்சீங்க?"
ஐந்து.
"வாய் நெறய சோத்த அடச்சிக்கிட்டு
மூச்சு விட்டுப் பாருங்கக்கா."

மறுநாள், பிளந்த குச்சி இரண்டே இரண்டு.
மூன்று மாதத் தவணைக்காரனுக்கு
ஒரு மாதத்தை மட்டும் எண்ணிக் கொடுப்பதுபோல
பயந்துகொண்டே நீட்டினேன்.
உள்ளே எங்கோ உர்ரென்று ஒரு சத்தம்.
ஊதுகுழலை எடுக்கவே இல்லை.
முதல் ரயிலுக்குள் நாலு ஈடு இறங்கிவிட்டது.
ஒன்பது கிலோ.
தராசை நம்பாமல் மீதிக் கட்டையை மறுபடி நிறுத்தேன்.
ஒன்பது.

விறகுவாடியில் வடுகநாதன் கேட்டான்,
"என்ன, கடை படுத்துருச்சா?"
இல்லையென்று நான் விளக்கி முடிப்பதற்குள்
உளுந்து தருகிற செட்டியார்
பாக்கிக்கு ஆளனுப்பிவிட்டார்.
மிச்சம் பிடிக்கிறவளும் நொடித்துப்போகிறவளும்
தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான்.

அப்புறம் இன்னொரு வழக்கு.
பதினாறு வருஷம் என் புகை என் கண்ணுக்குள்தான் போனது.
யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.
குழாய் வழியே ஏறி
பின்வீட்டு மாடிக்கொடியில்
செண்பகவடிவு மகனின் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்ததும்
அதற்கு முகவரி வந்துவிட்டது.
"இப்பத்தான் ஒங்க வீட்டுல
அடுப்பே எரியுது போல" என்றாள்,
சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

நசுருதீன் மறுபடி ஏறினார். குழாய்க்கு மூன்றடி ஒட்டு.
கூலி வாங்கவில்லை.
ஆறு இட்லி, கெட்டிச் சட்னி,
சாம்பார் வேண்டாமென்றார்.

நாய் இரண்டு இரவு வந்து பார்த்தது.
சுவரில் மூக்கை வைத்தது, போய்விட்டது.
மூன்றாம் இரவு
சாம்பல் வாரும் ஓட்டையைக் கண்டுபிடித்து
அங்கேயே சுருண்டுகொண்டது.
அதுவும் கணக்குப் பார்க்கத் தெரிந்ததுதான்.

மார்கழி நாலு. எட்டே முக்கால்.
ஒட்டுத்துணி மாதிரி வெளியே பனி.
திடீரென்று கண் எரிந்தது, தண்ணீர் கட்டியது.
பழக்கத்தில் அடுப்பைத் திட்ட வாயெடுத்தேன்.
அது தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.
என் கையில்தான் இருந்தது
பாதி அரிந்த வெங்காயம்.