பதினேழு நிமிடம்

லூசர்னில், ஏரி தெரியாத ஒரு வகுப்பறை.
நாலு வருஷ ஆய்வை
எட்டு ஸ்லைடில் அடைத்து வைத்திருந்தேன்.
பின்வரிசையில் கொட்டாவி. நியாயம்தான்.

மடிக்கணினியை மூடிவிட்டுப்
பையிலிருந்து வெள்ளை விரிப்பை எடுத்தேன்.
மேசைகளை ஒட்டிப் போடுங்கள், இதுதான் கட்டில்.
ஓர் அறைக்குப் பதினேழு நிமிடம்,
குளியலறையும் சேர்த்து.

சிரித்தார்கள்.
ரெட்டோ முதல் மூலையிலேயே தோற்றான்.

தெல்மா மட்டும் எழுந்திருக்கவில்லை.
அவள் கையில் நான் கொடுத்த தாள்,
பங்கேற்பாளர் 23:
'மலையைப் பார்த்தால் இரண்டு நிமிடம் போய்விடும்.
அதனால் துடைக்கும்போது
கண்ணாடியை மட்டும் பார்ப்பேன்.'

பெயர், வயது, விடுதி
எல்லாம் மறைத்திருந்தேன்.
நெறிமுறைக் குழுவே பாராட்டிய மறைப்பு.

தெல்மா வந்தாள்.
நுனியை இரு விரலால் உள்ளே திருகி மடித்தாள்.
பிறகு, தேவையே இல்லாமல்,
புறங்கையால் ஒரு தட்டு.

அந்தத் தட்டு எனக்குத் தெரியும்.
பக்கம் 112, அடிக்குறிப்பு.

நான் எதுவும் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

அன்றிரவு
'விருந்தினர் திருப்தி' பாடத்தை
அழித்து எழுத உட்கார்ந்தேன்.
முதல் கணக்கு:
பத்தொன்பது நிமிடம் கொடுத்தால்
அறை வாடகை எவ்வளவு?