ஏழேகால்

லாபிஸ் பசாரில் தவுக்கே கடை மேசைமேல்
இரண்டு பெட்டிகள்.
ஒன்றுக்குள் கடிகாரம்:
சுற்றிலும் தொண்ணூற்றாறு பற்கள்,
பல்லுக்குக் கால் மணி.
இன்னொன்றுக்குள் ஒரு கண்.
இமை கிடையாது.

எட்டு விளக்குக்கு எது சரி என்று
பார்த்து வாங்கிவரச் சொல்லியிருக்கிறது கமிட்டி,
நான்தான் வயர்மேன் என்பதால்.
போன முறை தப்பியதும் நான்தான்.

ஆலையிலிருந்து லயத்துக்கு வரும் சடக்கு
எண்ணூறு மீட்டர், இரு பக்கமும் செம்பனை.
தோட்டம் தன் விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போன பிறகு
வீட்டுக்கு ஆறு வெள்ளி பிரித்து
நாங்களே நட்ட கம்பங்கள்.

அப்போது கடிகாரம்தான் வாங்கினேன்.
இது என்ன சீமையா,
கோடையில் பத்து மணிக்கு இருட்ட?
இங்கே சூரியன் சம்பளக்காரன்.
தையோ ஆடியோ
ஏழேகாலை ஒட்டியே அட்டை தட்டிவிட்டுப் போவான்,
முன்னே பின்னே கால் மணி.
ஏழுக்கு ஏற்று, பன்னிரண்டுக்கு அணை என்று
பற்களை அமுக்கி
பெட்டியைப் பூட்டி
சாவியைச் சட்டைப் பையில் போட்டேன்.

சூரியன் சொன்ன சொல் தவறவில்லை.
ஒரு புதன்கிழமை மழையில் கரண்டு போனது,
மத்தியானம், இரண்டு மணி நேரம்.
கடிகாரம் நின்ற இடத்தில் நின்றது.
கரண்டு திரும்பியதும்
ஒன்றும் நடக்காததுபோல்
விட்ட இடத்திலிருந்து நடந்தது.
அன்றைய ஏழு மணி
ஒன்பதுக்கு வந்தது.

எட்டரைக்குக் கோமளம் ஆலையிலிருந்து கப்சாயில் வந்தாள்.
முன்விளக்கு போய் ஒரு வாரம்;
சம்பளம் வரட்டும் என்று விட்டிருந்தாள்.
நடுச்சடக்கில், லோரியிலிருந்து சரிந்த
ஒரு பழக்குலை.
வலது மணிக்கட்டில் இரண்டு முறிவு,
முழங்காலில் முள்.
யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
சாவி பையில் கனத்தது.

இப்போது கண்ணை வாங்கு என்கிறார்கள்.
எனக்குக் கண்ணையும் தெரியும்.
அக்கரையில் காடு எரியும் மாதங்களில்
புகைமூட்டத்தைப் பார்த்துப் பகலிலேயே ஏற்றும்.
மைனா எச்சமிட்டால்
துடைக்கும்வரை அதற்கு இரவு.
ஒருமுறை மண்டப வாசலில்
விளக்குக்கு நேர் கீழே அதைப் பொருத்திவிட்டேன்.
விளக்கு எரிந்தது; கண் பார்த்தது;
விடிந்துவிட்டது என்று அணைத்தது.
அணைத்ததும் இருட்டு. ஏற்றியது. விடிந்தது. அணைத்தது.
தன் வெளிச்சத்தையே விடியல் என்று நம்பி
ராத்திரி முழுக்க ஏமாந்துகொண்டிருந்தது.
பெண் வீட்டார் அதை அலங்காரம் என்று நினைத்து
எனக்கு ஐம்பது வெள்ளி கூடுதலாகக் கொடுத்தார்கள்.

கடைக்கு வரும் வழியில் கோமளம் வீட்டில் நின்றேன்.
மாவுக்கட்டோடு
இடது கையால் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.
கடிகாரமா கண்ணா, நீயே சொல் என்றேன்.
'எப்ப ஏத்துறதுன்னே எல்லாரும் பேசுறீங்க.
அணைக்கிறது யார் கணக்கு?
மூணாவது ஷிப்டு முடிஞ்சு
மரகதமும் அந்த நேப்பாளப் பொண்ணும்
நாலு மணிக்கு நடந்து வராங்க.
உங்க பன்னிரண்டு
கமிட்டி தூங்குற பன்னிரண்டு.'
கோழி என் செருப்பைக் கொத்தியது.

தவுக்கே கேட்டார், எது?
கண் என்றேன்.
விடியவிடிய எரியும்.
ஆறு வெள்ளி ஒன்பதாகும்.
ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்
தலைவர் சிவபாதம் பில்லைத் தூக்கிக் காட்டுவார்.
காட்டட்டும்.
அணைக்கும் நேரத்துக்கு
யார் கையெழுத்துப் போட்டது என்று
நானும் கேட்பேன்.

இந்த முறை கம்பத்தின் முதுகில் பொருத்தினேன்,
விளக்கைப் பார்க்காமல், வானத்தைப் பார்க்கும்படி.
வேலை முடிந்தபோது பகல் மூன்று.
சோதிக்க ஒரே வழிதான்:
உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு
ஏணியில் நின்றேன்.

ஒரு நிமிடம் அது யோசித்தது.
பிறகு, கொளுத்தும் வெயிலில்
ஆலைவரை எட்டும் எரிந்தன.