பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம்

என் வேலை எளிது.
உறைந்து வெடிக்கும் குழாய்களுக்குக் காசு கொடுக்கும் கம்பெனியில்
ஊர் ஊராகக் குளிரை எண்ணுகிறேன்.
ஒரு குளிர்காலத்தில்
மைனஸ் நாற்பது எத்தனை முறை வருகிறது?
செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்காதீர்கள்.
காலமெல்லாம் முரண்டு பிடிக்கும் அந்த இரண்டும்
ஒத்துப்போகும் ஒரே இடம் அதுதான்.

யாகூத்ஸ்க் வானிலை அலுவலகத்தில் துயாரா என்றொருத்தி.
பதிவேட்டைப் பார்த்துச் சொல் என்றேன் தொலைபேசியில்.
"ஜனவரிக்கு வராத நாளைச் சொல்லட்டுமா?
எண்ணச் சுலபம்."
அவளுக்குப் பின்னால் யாரோ மேசைமேல் மீனைப் போட,
விறகு விழும் சத்தம் கேட்டது.
அங்கே சந்தையில் மீனை வாளியில் நட்டுவைத்து விற்பார்களாம்,
வால் கீழே, வாய் மேலே.
ஐஸ் வாங்கும் செலவு இல்லை.

ஃபேர்பேங்ஸில் மாவிஸ் ஐசக் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
இரவில் வண்டியை மின்கம்பியில் கட்டிவைப்பாள்,
மாட்டைக் கட்டுவதுபோல.
"என் அம்மாவுக்கு அது வாரக்கணக்கில்.
எனக்கு இரவுக்கணக்கில்" என்றவள்
அது நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை.
கட்டத்தில் அதற்கு இடமும் இல்லை.

உலான்பாத்தரின் துலம்சுரேன் எண்ணைத் தர மறுத்துவிட்டார்.
குளிரை முறைகளால் எண்ணுவதில்லையாம்,
ஒன்பதுகளால்.
ஒன்பது ஒன்பது நாட்கள், ஒன்பது தவணை.
மூன்றாம் ஒன்பதில் மூன்று வயதுக் காளையின் கொம்பு உறையும்.
கொம்பை எந்த நெடுவரிசையில் போடுவது?
இரண்டு நாள் யோசித்து
'தகவல் இல்லை' என்று எழுதினேன்.
வெட்கமாக இருந்தது.

என் ஊர் வின்னிபெக்.
எங்கள் கணக்கில் அதற்கு விழுந்தது 0.4.
ஒரு முறையில் பாதிகூட இல்லாத ஒரு முறை
எப்படி இருக்கும்?
காலை பத்து மணிவரை மட்டுமா?
ஆற்றின் ஒரு கரைக்கு மட்டுமா?

தெற்கே போகப் போக அளவுகோலைத் தளர்த்துவோம்.
ஷ்ரீவ்போர்ட்டுக்கு மைனஸ் பதினைந்தே ஏகம்.
விடை 0.03 என்று வந்தது.
ஒரு தசமத்துக்கு மேல் அனுமதியில்லை.
0.0 என்று தட்டிவிட்டுக்
காபி குடிக்கப் போனேன்.

பிப்ரவரியில் ஓர் இரவு
அவசர இணைப்புகள் நிரம்பி வழிந்து
ஓர் அழைப்பு என் மேசைக்கு வந்து விழுந்தது.
வெர்லன் ஃபோன்டெனோ, ஷ்ரீவ்போர்ட்.
கூரைக்குள் யாரோ துப்பாக்கி சுட்டதாக
முதலில் நினைத்தாராம்.
பிறகு தண்ணீர்.
மகளின் கட்டிலில், சுவரில், விளக்கின் கண்ணாடிக்குள்.
"மெயின் வால்வை மூடுங்கள்."
"அது எங்கே இருக்கும்?"
அறுபத்தொரு வயது. அதே வீட்டில் பிறந்தவர்.
எங்கள் தெருவில் அதை
முன்பல் விழாத பிள்ளைகூடக் காட்டும்.
என் ஜன்னலுக்கு வெளியே அப்போது மைனஸ் முப்பத்தொன்று.
பக்கத்து வீட்டுக்காரர்
சாவகாசமாகக் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டிருந்தார்.

மீட்டர் பெட்டி, நடைபாதை ஓரம், இரும்பு மூடி என்றேன்.
செருப்போடு ஓடினார்.
மூடி அசையவில்லை.
சுத்தியல் இல்லை, செங்கல் இருந்தது.
பதினோரு நிமிடம்
அவர் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.
பூஜ்ஜியம் என்று நான் எழுதிய ஊரில்
ஒரு மனிதர்
தன் வீட்டுத் தண்ணீரைத் தேடிக்கொண்டிருந்தார்.

நின்றது.
உள்ளே வந்து உட்கார்ந்தவர் கேட்டார்:
"இது மறுபடி எப்போது வரும்?"

பதில் என் திரையில் இருந்தது.
முப்பது வருடத்துக்கு ஒருமுறை என்று சொல்லியிருக்கலாம்.
அது ஆறுதலா?
முப்பது வருடத்தில்
வால்வு இருக்கும் இடம் மறுபடி மறந்துபோகும்.
"போர்வை இருக்கிறதா?" என்று கேட்டேன்.

குழாய் அடங்கியும் கூரை அடங்கவில்லை.
ஏதோ பாத்திரம் வைத்திருந்தார் போலும்.
ஒவ்வொரு சொட்டும்
இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி என் காதில் விழுந்தது.
இருவரும் பேசவில்லை.
பழக்க தோஷம்,
எண்ணத் தொடங்கியிருந்தேன்.